தாய் ஒன்று, மகள்கள் மூன்று, அழிந்துபோன நாலாவது

யாரும் பேசாத மொழிகளை உட்கார்ந்து உருவாக்குவது என் பொழுதுபோக்கு. அதனால் என்ன பயன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் ஒற்றை மொழி எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும். கொஞ்சம் இலக்கணம், ஒரு சொற்பட்டியல், அதோடு சரி. 1887இல் வந்த எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில்கூட எனக்குப் பிடித்தது அது 1907இல் ஈடோ என்று ஒரு கிளை விட்டதுதான். அந்தக் கிளையும் பேசுகிறவர்கள் நாக்கில் தானாக மாறி உண்டானதல்ல. சீர்திருத்தம் வேண்டும் என்று ஒரு சாரார் வேண்டுமென்றே மாற்றியது. எனக்கு வேண்டியிருந்தது தானாகப் பிரிகிற குடும்பம். அப்படித்தான் ஒலுமி மொழிகள் பிறந்தன.

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் மூன்று மொழிகளுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களைப் புனைந்துவிட்டு, 'இவை உறவு மொழிகள்' என்பார்கள். படித்துப் பார்த்தால் உறவே தெரியாது. சொற்கள் ஒத்துப்போவதால் மட்டும் உறவு வந்துவிடாது, ஒழுங்காக வேறுபட வேண்டும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. இந்த ஒழுங்குதான் சான்று. அதனால் நான் மகள் மொழிகளுக்குச் சொல் புனைவதே இல்லை. தாய்க்கு மட்டும் புனைவேன், மிச்சத்தை ஒலிமாற்ற விதிகள் பார்த்துக்கொள்ளும்.

தாயின் பெயர் தொல் ஒலுமி. அதன் மகள்கள் ஆறு, மலை, தீவு என்று மூன்று கிளைகள். தாயில் தண்ணீர் 'கீலா', கல் 'கைனோ'. விதிகள் இரண்டு. ஒன்று, இ, ஈ, எ, ஏ ஆகியவற்றுக்கு முன்னால் வரும் க் என்பது ச் ஆகும். இரண்டு, ஐ என்பது ஏ ஆகும். ஆற்றுக் கிளையில் முதல் விதி முந்திக்கொண்டது. கீலா சீலா ஆயிற்று. கைனோவை அது தொடவில்லை. அப்புறம் இரண்டாம் விதி வந்து அதைக் கேனோ ஆக்கியது. மலைக் கிளையில் வரிசை தலைகீழ். கைனோ முதலில் கேனோ ஆனதால் ச் விதியிடம் மாட்டிக்கொண்டு சேனோ ஆகிவிட்டது. விதிகள் அதே இரண்டுதான். எது முன்னால் நடந்தது என்பதில் மட்டும் இரண்டு மொழிகள் பிரிந்துவிட்டன.

முதல் விதியைத் தமிழிலிருந்துதான் திருடினேன். கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. ஆனால் பின்னால் ள், ழ், ட் போன்ற நாமடி ஒலி இருந்தால் தமிழில் க் அசையவில்லை: கேள், கிளி, கீழ், கெடு. சரி, கீதம் ஏன் சீதம் ஆகவில்லை? அது இரவல் சொல். அது வந்து சேர்ந்தபோது மாற்றம் ஓய்ந்திருந்தது. இதை அப்படியே மலைக் கிளைக்குக் கொடுத்தேன். ச் விதி ஓய்ந்த பிறகு மலைக்காரர்கள் ஆற்றுக்காரர்களோடு பண்டமாற்றுச் செய்யத் தொடங்குகிறார்கள். 'கேனோ' இரவலாக வருகிறது, எடைக்கல் என்ற பொருளில். இப்போது மலை மொழியில் பாறைக்கு சேனோ, தராசில் வைக்கும் எடைக்கல்லுக்கு கேனோ. இரண்டும் ஒரே சொல் என்பது அவர்களுக்கே தெரியாது.

குடும்ப மரம் மட்டும் வரைந்தால் இந்தக் கேனோவுக்கு இடமே இருக்காது. மொழியியலாளர் அகஸ்ட் ஷ்லைகர் மொழிகளை மரமாக வரைந்தார். அவரிடம் படித்த யோகன்னஸ் ஷ்மிட் 1872இல், மாற்றங்கள் அலையாகப் பரவுகின்றன, கிளைகளின் எல்லையைத் தாண்டியும் போகின்றன என்றார். என் தாளில் மரமும் உண்டு, குறுக்கே ஓடும் அம்புகளும் உண்டு. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பன்மை. தாயில் பறவை 'தக', பன்மைக்கு இகரம் சேர்த்துத் 'தகி'. மலையில் இது தசி ஆகி, பிறகு சொல்லின் கடைசிக் குறில்கள் எல்லாம் உதிர்ந்தன. மிஞ்சியவை தக், தச். ஆற்றிலோ உயிர்களுக்கு நடுவே எஞ்சியிருந்த க் கரைந்ததால் தக 'தா' ஆனது, பன்மை தசியாகவே நின்றது. தா, தசி! இப்படி ஒரு விதிவிலக்கை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் செயற்கையாகத்தான் வந்திருக்கும். தீவுக் கிளை இன்னும் தக, தகி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. தனித்துப் போன மொழி பழமையைக் காக்கும் என்பது விதியெல்லாம் இல்லை, ஆனால் ஐஸ்லாந்து மொழி அப்படிக் காத்திருக்கிறது. எனக்கு அந்த முன்னுதாரணம் போதும்.

மூன்று மகள்களின் சொற்களை மட்டும் நண்பர் ஒருவரிடம் கொடுத்துத் தாயைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். கீலா, கைனோ, தக எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். ஆனால் கீலாவுக்கும் ஒரு முற்பிறவி உண்டு: 'கிஹ்லா'. அந்த ஹ் மூன்று கிளைகளும் பிரியும் முன்பே தேய்ந்து, முன்னிருந்த உயிரை நீட்டிவிட்டுப் போய்விட்டது. எந்த மகளிடமும் அது இல்லாததால் அவரால் காண முடியவில்லை. மொழியியலாளர் சசூர் 1879இல், சமஸ்கிருதம், கிரேக்கம் போன்றவற்றுக்குத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்கு இதுபோன்ற தொலைந்த ஒலிகளைக் கணக்குப் போட்டே ஊகித்தார். அவர் மறைந்த பிறகு, 1927இல் குரிலோவிச் என்ற இன்னொரு மொழியியலாளர், அதே குடும்பத்தில் அழிந்துபோன பழைய ஹிட்டைட் மொழியின் ஹ் அந்த இடங்களில் நிற்பதைக் காட்டினார். எனக்கும் ஒரு ஹிட்டைட் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

அதுதான் நாலாவது கிளை. மற்ற மூன்றும் பிரிவதற்கு முன்பே விலகி, பிறகு அழிந்துபோனது. கிடைப்பவை சில கல்வெட்டுகள் மட்டும். அவற்றில் கிஹ்லா அப்படியே இருக்கிறது. அத்தனையும் கொடைக் கணக்கு என்று வைத்திருக்கிறேன். யார் எத்தனை ஆடு கொடுத்தார், எத்தனை குடம் எண்ணெய் கொடுத்தார் என்பதுதான். எண்களும் ஆட்பெயர்களும் ஏராளமாகக் கிடைக்கும், 'நான்' என்ற சொல் ஒரு வரியிலும் வராது. தாய்மொழியில் 'நான்' என்பதற்கு ஹ் இருந்ததா இல்லையா என்று நண்பர் இப்போது என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பதில் என் நோட்டில் இருக்கிறது. காட்டப்போவதில்லை.