ஒரு சின்னக் கூப்பே குடிக்கும் பெற்றோலும் தின்னும் காசும்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வருபவர்களில், வாசலில் நிற்கும் இரண்டு கதவுக் காரைப் பார்த்துவிட்டு "இது லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அதற்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் சிறிது நேரம் பிடிக்கிறது. திருகோணமலை நகருக்குள் ஒரு கணக்கும், ஹபரணை வீதியில் இன்னொரு கணக்கும், பற்றரி பழுதாகிக் கிடந்த மூன்று மாதங்களுக்கு வேறொரு கணக்கும் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன.

கார் 2010ஆம் ஆண்டு ஹொண்டா சி.ஆர்-இசட். ஜப்பானில் அவ்வாண்டு பெப்ரவரியில் விற்பனைக்கு வந்த இந்த ஹைபிரிட் கூப்பேயில் 1,497 கன சென்ரிமீற்றர் பெற்றோல் இயந்திரமும், அதற்கும் சி.வி.ரி. எனும் படிகளில்லாத தானியங்கிக் கியர்பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய மின்மோட்டாரும், பின்புறத் தளத்தின் கீழ் 100.8 வோல்ற்று நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரியும் இருக்கின்றன. ஹைபிரிட் வாகனங்களுக்கு வரிச்சலுகை இருந்த காலத்தில் இலங்கைக்கு வந்தவற்றில் ஒன்றை 2019இன் தொடக்கத்தில் பழைய வாகனமாக வாங்கினேன். விற்றவர் லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்றார். அவர் பொய் சொன்னார் என்று கூற முடியாது. ஜப்பானின் பழைய '10-15' எரிபொருள் சோதனை முறையில் சி.வி.ரி. கார் பெற்ற எண் அதுவேதான். ஆனால் இதே வகைக் காருக்கு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கொடுத்த ஒருங்கிணைந்த எண் கலனுக்கு 37 மைல். அதாவது லீற்றருக்கு 15.7 கிலோமீற்றர். ஆறு வருடங்களில் ஏறத்தாழ 44,000 கிலோமீற்றர் ஓடிய என் காரின் சராசரி 16.4. அமெரிக்கர்களின் எண்ணே உவர்மலைக்குக் கிட்ட நிற்கிறது.

அளக்கும் முறை எளியது. மீற்றர் திரையில் தெரியும் சராசரியை நான் நம்புவதில்லை. என் அனுபவத்தில் அது எப்போதும் சற்றுத் தாராளமாகவே பேசும். தாங்கியை முழுதாக நிரப்பி, குழாய் தானாக நின்றதும் "போதும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பயணத்தூரத்தைப் பூச்சியமாக்குவேன். அடுத்த முறையும் அதே பெற்றோல் செட்டில், முடிந்தால் அதே பம்பில், அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுப்பேன். தாங்கி 40 லீற்றர்தான் கொள்ளும் என்பதால் எழுத்து வேலை அடிக்கடி வரும்.

நகருக்குள் கிடைப்பது 13. என் அலுவலகம் நான்கு கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. இயந்திரம் சரியாகச் சூடாகி முடியும்போது நான் காரை நிறுத்தியிருப்பேன். ஹைபிரிட் என்றால் நெரிசலில்தான் மிச்சம் என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்வது அவர்களுடைய நெரிசலுக்குப் பொருந்தும். நமது ஊரில் நெரிசல் என்பது கோட்டை வாசல் பக்கம் மான்கள் வீதியைக் கடக்கும் நேரம் மட்டும்தான். கார் நின்றால் இயந்திரமும் தானாக நிற்கும் வசதி உண்டு. ஆனால் குளிரூட்டியின் கொம்பிரசரை அந்த இயந்திரமே சுழற்றுவதால், மே மாத வெயிலில் உள்ளே வெக்கை ஏறிய சில வினாடிகளில் அது மறுபடி உறுமித் தொடங்கிவிடும்.

காரின் உண்மையான குணம் தெரிவது கந்தளாய் தாண்டிய பிறகுதான். மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு வருடங்களும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய் வந்தோம். ஒரு வழி ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ஹபரணை வரையிலான சமதரை வீதியில் மணிக்கு 65இல் காலை அசைக்காமல் வைத்திருந்தால் வேகமானியைச் சுற்றியுள்ள நீல ஒளி பச்சையாக மாறும்; அந்தப் பச்சையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் 21 வரை கிடைத்திருக்கிறது. யானைக்குப் பயந்து இருட்டுமுன் அந்தக் காட்டைக் கடந்துவிட வேண்டுமென்று மிதித்தால் 17தான். மாத்தளைக்குப் பிறகு வரும் ஏற்றங்களில் மோட்டார் கைகொடுத்தாலும், சில நிமிடங்களில் பற்றரியின் இருப்பைக் காட்டும் கோடுகள் குறைந்து, ஒன்றரை லீற்றர் இயந்திரம் தனியே முனகும். திரும்பி வரும்போது இறக்கத்தில் மோட்டார் பற்றரியை நிரப்பி, இழந்ததெல்லாம் மீளும் என்று முதலில் நினைத்தேன். பற்றரி சிறியது, பாதி இறக்கத்திலேயே நிரம்பிவிடுகிறது, மீதிச் சக்தி பிறேக்கில் சூடாகப் போகிறது. போய்வந்த கணக்கு சராசரியாக 18.

இந்த 18 என்ற எண்ணுக்கு 2022இல் ஒரு தனி மதிப்பு வந்தது. ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவானது. அதைத் தொடர்ந்து வந்த கியூ.ஆர். பங்கீட்டு முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் ஒதுக்கினார்கள். இருபதைப் பதினெட்டால் பெருக்கினால் 360. பேராதனைக்குப் போய்வரத் துளி மிச்சமில்லாத தூரம். ஆகவே மகளிடம் போக இருந்த வாரத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய், தாங்கியில் கையிருப்பு வைத்தேன். வெள்ளைக்காரர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கும் ஊரில் நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம் என்பதைப் பிறகு வருபவர்கள் நம்புவார்களோ தெரியாது.

பெற்றோல் கணக்கு இவ்வளவுதான். காசு தின்றது வேறு இடம். 2023இல், கல்லோயாச் சந்தியைக் கடந்து சிறிது தூரத்தில், பற்றரியின் ஆறு கோடுகள் ஒரே அடியில் இரண்டாக விழுந்தன; சற்று நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இயந்திரம் தனியே ஓடியதால் வீடு வந்து சேர்ந்தோம், ஆனால் அதன்பின் நெடுவீதியிலும் 15ஐத் தாண்டவில்லை. சும்மா கிடக்கும் மோட்டாரையும் பற்றரியையும் சுமந்துகொண்டு ஓடும் சாதாரணக் கார்தானே அது. பற்றரியைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்தே இழுக்கப்படுகிறது. கராஜில் அந்தக் காற்றாடியைக் கழற்றி மேசையில் வைத்தபோது, அதன் இதழ்களில் துவாய்ப் பஞ்சும் நிலாவெளி மணலும் ஈரப்பிசுக்கோடு அடையாக ஒட்டியிருந்தன. "அண்ணை, இது மூச்சு முட்டித்தான் செத்திருக்கு" என்றார் மெக்கானிக். கடலில் குளித்துவிட்டு ஈரத்துவாயைப் பின்னிருக்கையில் எறியும் எங்கள் பழக்கத்துக்கு அதில் பங்கு உண்டு. அந்தப் பின்னிருக்கையும் துவாய்க்கும் பைக்கும்தான் உதவும். முழங்காலுள்ள மனிதருக்கு உதவாது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதிலிருந்து உதிரிப்பாகங்களுக்கு வைத்ததே விலை என்றிருந்தது. புதிய பற்றரி கைக்கு எட்டவில்லை. பழுதான கலங்களை மாற்றிச் சமப்படுத்திக் கொடுக்க, கொழும்பிலிருந்து ஆள் வந்து போன செலவோடு 190,000 ரூபா சென்றது. ஹைபிரிட் அல்லாத, லீற்றருக்கு 12 ஓடும் ஒரு காரை வைத்திருந்தால் இதே 44,000 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 980 லீற்றர் கூடுதலாக ஊற்றியிருப்பேன். லீற்றர் 300 ரூபா என்று வட்டமாகப் போட்டால் 294,000 ரூபா. ஆறு வருடச் சிக்கனத்தில் கையில் நின்றது ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல்.

காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை எந்தக் காருக்கும் உள்ளவை. 0டபிள்யூ-20 இயந்திர ஓயிலும் சி.வி.ரி. திரவமும் காலந்தவறாமல் மாற்றினால் அவை பேச்சுக்கு வராது. 195/55ஆர்16 அளவு ரயர்கள் மட்டும் இங்கே நினைத்தவுடன் கிடைக்காது. இரண்டு முறை தம்புள்ளையில்தான் வாங்கினேன். தாழ்வான முன்பம்பரின் கீழ் உதடு வேகத்தடைகளில் உரசி மூன்று முறை ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது. உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்னாமலிருக்க மாதம் இருமுறை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுகிறேன். இதைக் கடற்கரையோரம் கார் வைத்திருக்கும் யாரும் சோம்பலால் தள்ளிப்போடக் கூடாது.

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். குறிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் பின்கதவைத் திறந்து, தளவிரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பற்றரியை யார் செய்தது, எத்தனை கலம் மாற்றினீர்கள், காற்றாடி துப்புரவாக்கியது எப்போது என்று வரிசையாகக் கேட்டார். லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கடைசிவரை கேட்கவேயில்லை.