குளிர்கால செமஸ்டரும் ஓட்டக் கழகமும்: யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாதையில் காலையில் எங்களோடு ஓட வருகிற பிள்ளைகளில் சிலர் ஜனவரியில் கனடாவுக்குப் படிக்கப் போகிறவர்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சை, விசா, வாடகை அறை எல்லாம் விசாரித்து முடிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: "அண்ணா, அந்த ஸ்னோவுக்க ஓடலாமோ? நுரையீரல் உறைஞ்சு போகாதோ?"

உறையாது. மூக்கும் தொண்டையும் காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே விடும். ஆனால் வறண்ட குளிர்காற்று ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். அவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும், இன்ஹேலரை உடம்போடு ஒட்டிய உள் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வாயையும் மூக்கையும் மூடுகிற கழுத்துத் துணி ஒன்று போதும்.

நான் கனடாவின் எட்மன்டன் நகரில் முதுகலை படித்தவன். ஓட்டக் கழகம் இல்லாவிட்டால் குளிர்கால செமஸ்டரை ஒழுங்காக முடித்திருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. உடற்பயிற்சி மூளைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், அதை விடுங்கள். நான் சொல்ல வருவது நேரத்தைப் பற்றி.

யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்ட இருக்கும். எட்மன்டனில் டிசம்பர் கடைசியில் ஏழரை மணித்தியாலம்தான். இருட்டில் வகுப்புக்குப் போய் இருட்டில் திரும்புவீர்கள். முதல் இரண்டு கிழமை ஸ்னோவில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவீர்கள், அப்புறம் அறைக்குள் அடைந்துவிடுவீர்கள். செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறது, இறுதிப் பரீட்சை ஏப்ரலில். இடைப் பரீட்சைகள் விழுகிற பெப்ரவரிதான் ஆளை அமுக்குகிற மாதம்.

இதில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று காலை வாரிவிடும். "ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு என்ன விளையாட்டு?" என்று சொல்லியே வளர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூட அணியில் ஓடின பிள்ளையும் அந்த உயர்தரப் பரீட்சை வருடத்தோடு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிடும். இங்கே அது ஓரளவு சரிவரும், ஏனென்றால் நாளை வகுத்துக் கொடுக்க ரியூட்டரி இருக்கிறது, விடிய நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு எழுப்ப அம்மா இருக்கிறார். அங்கே ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். மடிகணினிக்கு முன்னால் முழு நாளும் இருந்துவிட்டு இரவு பார்த்தால் இரண்டு பக்கம்கூட ஓடியிருக்காது. அதற்குப் பேர் படிப்பு இல்லை.

ரன்னிங் ரூம் என்ற சப்பாத்துக்கடை 1984இல் எட்மன்டனில்தான் தொடங்கியது. இன்று கனடாவின் பல நகரங்களில் இருக்கிறது. அவர்களுடைய கடைகளிலிருந்து புதன் மாலையும் ஞாயிறு காலையும் இலவசமாகக் கூட்டமாக ஓடுவார்கள். பல்கலைக்கழகங்களிலும் கழகங்கள் உண்டு. எதில் சேர்ந்தாலும் மெதுவாக ஓடுகிற குழுவைக் கேட்டுச் சேருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. மைனஸ் இருபதில் தனியாக வெளிக்கிட ஒருவருக்கும் மனம் வராது. கடை வாசலில் நாலு பேர் காத்து நிற்கிறார்கள் என்றால் கால் தானாகச் சப்பாத்துக்குள் போகும்.

என்னுடைய படிப்பு அட்டவணையை இந்த இரண்டு ஓட்டங்களிலும்தான் கொழுவி வைத்தேன். அந்தக் கிழமைக்கான கணக்குகளும் ஒப்படைகளும் புதன் மாலை வெளிக்கிடுவதற்கு முன் முடிய வேண்டும். ஓடி வந்த இரவு புதிதாக எதையும் தொடுவதில்லை, நோட்ஸை ஒருதரம் புரட்டிவிட்டுப் படுப்பேன். ஞாயிறு ஓடி முடிந்து, குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் பழைய வினாத்தாள். மூன்று மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்க அன்றைக்கு மட்டும்தான் என் உடம்பு சம்மதிக்கும்.

இன்னொரு லாபம் நான் எதிர்பார்க்காதது. நீண்ட ஓட்டம் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில்தான் போகும். பக்கத்தில் ஓடுகிறவர் மின்வேலை செய்பவராகவோ தாதியாகவோ இருப்பார். "நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய்?" என்று கேட்பார். மூச்சு வாங்க வாங்க, பாடத்தின் சொற்களைப் பாவிக்காமல், ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். அவருக்கு விளங்கிவிட்டால் வாய்மொழிப் பரீட்சையில் பேராசிரியருக்கு விளக்குவது பெரிய வேலையே இல்லை.

சரி, ஸ்னோவுக்கு வருவோம். கிலோமீற்றரை மறந்துவிடுங்கள். ஆழமான ஸ்னோவில் மணிக்கூட்டில் தெரிகிற வேகத்துக்கு ஒரு பொருளும் இல்லை, நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். எட்மன்டனில் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கப் பாதைகள். புதிதாக முழங்கால் அளவுக்கு விழுந்திருந்தால் கழகத்தார் ஒருவர் பின் ஒருவராக ஓடுவார்கள். முன்னுக்குப் போகிறவர்தான் ஸ்னோவை உடைத்து வழி போடுகிறவர். அவர் களைத்ததும் ஒதுங்கி நின்று வாலில் சேர்ந்துகொள்வார், அடுத்தவர் முன்னுக்கு வருவார். நீங்கள் முன்னால் போனவரின் காலடிக் குழியிலேயே கால் வைக்க வேண்டும். காலடி சின்னதாக, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். பெருவிரலால் உந்தித் தள்ளினால் பின்னுக்கு வழுக்கும்.

இதைப் பழக ஊரிலேயே இடம் இருக்கிறது. மணற்காட்டு மணல்மேடுகளில் ஏறி இறங்கி ஓடிப் பாருங்கள். புதைகிற தரையில் காலடியைச் சின்னதாக்கக் கால் தானாகப் பழகும். ஐஸ்தான் வேறு விஷயம், அதற்கு யாழ்ப்பாணத்தில் பயிற்சி கிடையாது. தார் றோட்டு ஈரமாக இருப்பது போலத் தெரியும், உண்மையில் அது கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். சப்பாத்துக்கு மேல் மாட்டுகிற முள்பட்டி விற்கிறார்கள். பழைய ஓட்டக்காரர்கள் அறுகோணத் தலையுள்ள கட்டைத் தகரத் திருகாணிகளை அடித்தோலின் ஓரம் சுற்றி முறுக்கிவிடுவார்கள். தோல் மெலிதான நடுப்பகுதியில் முறுக்கினால் பாதத்தில் குத்தும்.

காற்றையும் பார்க்க வேண்டும். போகும்போது காற்றுக்கு எதிராக, வரும்போது காற்றோடு. மாறிப் போனால் வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்ப வேண்டி வரும், ஈரச் சட்டை ஆளை விறைக்க வைத்துவிடும். கனடிய வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் காற்றின் குளிர்ச்சியையும் சேர்த்து இன்னொரு எண் இருக்கும், அதுதான் முக்கியம். அது மைனஸ் 28க்கும் 39க்கும் இடையில் இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் பத்து நிமிடமே அதிகம், அன்றைக்கு உள்ளரங்கம்தான். மூக்கு நுனியோ கன்னமோ வெளிறினால் உங்களுக்குத் தெரியாது, வலியும் இருக்காது. பக்கத்தில் ஓடுகிறவர்தான் பார்த்துச் சொல்வார். எதிர்க்காற்றில் ஓடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொள்வோம். வெளிறின இடத்தைத் தேய்க்கக் கூடாது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும்.

உடுப்பை இங்கே வாங்காதீர்கள். கொழும்பில் வாங்கின தடித்த ஜக்கெற் பஸ்ஸுக்குக் காத்து நிற்க உதவும், ஓட உதவாது. பருத்தி பெனியன் வியர்வையைப் பிடித்து வைத்திருக்கும், அதைப் பெட்டியிலேயே விடுங்கள். செயற்கை இழையிலோ கம்பளியிலோ உடம்போடு ஒட்டின சட்டை, மேலே ஒன்று, அதற்கு மேல் காற்றுத் தடுக்கிற மெல்லிய மேற்சட்டை. வாசலில் கொஞ்சம் குளிர்ந்தால் சரியாக உடுத்திருக்கிறீர்கள். விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கிற கையுறை, விரல் பிரிந்ததைவிடச் சூடு. வல்யூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளில் எல்லாம் மலிவாக எடுக்கலாம். ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியது பனங்கட்டி. ஓட்டக்காரர்கள் வாங்குகிற ஜெல் அந்தக் குளிரில் இறுகி வெளியே வராது. பனங்கட்டித் துண்டை வாயில் அடக்கினால் அதுபாட்டுக்குக் கரையும்.

எட்மன்டன் போன்ற வடக்கு நகரங்களில் ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயில் பட்டும் தோலில் விட்டமின் டி உருவாகாது. போனதும் கம்பஸ் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரீட்சைக் கிழமைகளில் ஓட்டத்தை நிற்பாட்ட வேண்டாம், பாதியாகக் குறையுங்கள். ஆனால் ஏப்ரலைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். குளிர் போய்விட்டது என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் பகலில் ஸ்னோ உருகி, இரவில் திரும்ப உறைந்து, காலையில் பாதையெல்லாம் ஐஸாகக் கிடக்கும். விழுந்தால் கையை ஊன்றித்தான் விழுவோம். எழுதுகிற கை முறிந்தால் பரீட்சை போச்சு. அதனால் பரீட்சைக்கு முந்தின நாட்களில் மாலையில் ஓடுங்கள், அல்லது உள்ளரங்கத்தில் ஓடுங்கள். பெப்ரவரியில் நடக்கிற குளிர்கால அரை மரதனுக்கு முதல் வருடமே பெயர் கொடுக்கவும் வேண்டாம், இடைப் பரீட்சையோடு முட்டும்.

வீட்டையும் சமாளிக்க வேண்டும். "படிக்கப் போன பிள்ளை ஏன் குளிருக்க ஓடித் திரியுது?" என்று அம்மா கேட்பார். குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் எட்மன்டனைவிடப் பன்னிரண்டரை மணித்தியாலம் முன்னால். ஞாயிறு ஓடி முடித்துப் பத்து மணிக்கு அழைத்தால் இங்கே இரவு பத்தரை, அம்மா முழித்துத்தான் இருப்பார். கூட ஓடினவர்களையும் கமராவில் காட்டுங்கள். நாலு முகத்தைப் பார்த்துவிட்டால் பயம் பாதி குறையும்.

ஜனவரியில் போகிறவர்கள் ஒக்டோபரிலேயே இங்கே தொடங்குங்கள். நிற்காமல் அரை மணித்தியாலம் மெதுவாக ஓடுகிற அளவுக்கு வந்துவிட்டால் எந்தக் கழகத்திலும் சேரலாம். கார்த்திகை மழையைச் சாட்டி நிற்பாட்ட வேண்டாம். மின்னல் அடித்தால் மட்டும் பண்ணைப் பக்கம் வராதீர்கள், அந்த வெளியில் ஒதுங்க இடமில்லை.