காலை 7:15, அதே பஸ் தரிப்பிடம்

ஓகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கினேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு நிமிட நடையில் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. வேலைக்குப் போகிற நாட்களில் சரியாக 7:15க்கு அதற்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு படம் எடுப்பது, பிறகு வீதியைக் கடந்து பஸ் ஏறுவது. இவ்வளவுதான் திட்டம். கமரா பழைய நிக்கோன் டி7000, அதில் 35 மி.மீ. லென்ஸ். வேறு லென்ஸ் கொண்டுபோவதில்லை என்று முடிவு.

முந்தின வருடங்களில் நானும் எல்லாரையும் போல ஒக்டோபர் தொடக்கத்தில் இலை நிறம் மாறுவதைப் படமெடுக்க மூன்று மணித்தியாலம் கார் ஓடி அல்கொன்குயின் காட்டுப் பூங்காவுக்குப் போய் வந்தவன்தான். நானூறு படம் எடுத்து வருவேன். எல்லாம் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் கலண்டரில் வருகிற படத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கோடை முடிவது எங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேர்கிறது, ஆட்களின் உடுப்பில், கையில், நடையில் அது எப்படித் தெரிகிறது என்பதை எடுக்க வேண்டும் என்று இந்த முறை ஆசை வந்தது.

முதல் இரண்டு கிழமை ஒன்றுமே மாறாத மாதிரி இருந்தது. அதே அரைக்கைச் சட்டைகள், அதே தண்ணீர்ப் போத்தல்கள். செப்டெம்பர் முதல் திங்களில் வருகிற லேபர் டே விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் வரிசை இரண்டு மடங்காகியது. பிள்ளைகளின் முகம் வராமல் பைகளையும் சப்பாத்துகளையும் மட்டும் எடுத்தேன். பெரியவர்களிடம் கேட்டுத்தான் எடுக்கிறேன். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் வருகிற ஒரு அம்மா, "எடுங்கோ, ஆனா கிட்ட வராதேங்கோ" என்றார். அந்தத் தூரம்தான் பிறகு எல்லாப் படத்துக்கும் அளவாகிவிட்டது.

ஆட்களுக்கு முதல் மாறியது வெளிச்சம். ஜூன் கடைசியில் இங்கே நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட 70 பாகை உயரத்தில் நிற்கும், செப்டெம்பர் 22 அளவில் 46க்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் பகல் குறைகிறது. கணக்காக இதை முன்பே வாசித்திருக்கிறேன். ஆனால் மதிய இடைவேளையில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஓகஸ்டில் வேலிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த நிழல் செப்டெம்பர் கடைசியில் நடைபாதையின் அரைவாசியைப் பிடித்துவிட்டது.

இதற்கிடையில் ஒரு பெரிய பிழை விட்டிருந்தேன். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிப்படுத்துகிற வைற் பலன்ஸைக் கமராவே முடிவெடுக்கிற ஓட்டோவில் வைத்து, கமராவே திருத்திச் சுருக்கித் தருகிற ஜேபெக்கில் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். காலை வெயிலின் மஞ்சளைக் கமரா குறை என்று நினைத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிட்டிருக்கிறது. மூன்று கிழமைப் படங்களில் ஓகஸ்டும் செப்டெம்பரும் ஒரே நிறம். மனதுக்குச் சரியான கஷ்டமாக இருந்தது, அந்தக் காலைகள் திரும்பி வரப்போவதில்லையே. அன்றிலிருந்து வெயில் குறியில் நிரந்தரமாக வைத்துவிட்டேன், நிறத்தைப் பிறகும் மாற்றக்கூடிய, திருத்தாத ரோ கோப்பும் சேர்த்து எடுக்கிறேன். சிவப்பு இலை வரும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டுகிற மொத்த ஹிஸ்ரோகிராம் வரைபடம் ஒழுங்காக இருந்தாலும் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்துவிடும், இலையின் நரம்பெல்லாம் அழிந்து சிவப்புச் சாயம் பூசிய மாதிரி வரும். வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்தால் தப்பலாம்.

தரிப்பிடத்துக்குப் பின்னால் நிற்கிற மரம் நோர்வே மேப்பிள். காம்பை ஒடித்தால் எருக்கலம் இலை மாதிரி வெள்ளைப் பால் கசியும், சீனி மேப்பிளில் அது வராது. மற்ற மேப்பிள்கள் சிவந்து கொட்டுகிற நேரத்திலும் இது பச்சையாகவே நிற்கும், பிந்தித்தான் மஞ்சளாகும். அந்த மஞ்சள் புதிதாக வருவதில்லை. கோடை முழுக்க இலைக்குள் இருந்ததுதான், பச்சை விலகும்போது வெளியே தெரிகிறது. கீழே விழுந்த ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தேன். பேனை மை சொட்டின மாதிரி கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் பத்துச் சதக் காசு அளவு, ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய மஞ்சள் வளையம். பூஞ்சையால் வருகிற தார்ப்புள்ளி நோய் அது, மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. புள்ளியில்லாத இலையைத் தேடித் திரிந்ததை அதோடு விட்டுவிட்டேன். எங்கள் தெருவின் இலை இதுதான்.

ஒக்டோபர் 1ஆம் திகதி சூரியன் உதித்ததும் 7:15க்குத்தான். அதற்குப் பிறகு தரிப்பிடம் இருட்டு. கமராவின் ஒளியுணர்வைக் கூட்டி ஐ.எஸ்.ஓ 3200, லென்ஸை அகலத் திறந்து எஃப்/2, அறுபதில் ஒரு செக்கன். படம் கொஞ்சம் பொரிப்பொரியாக வருகிறது, பரவாயில்லை. இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் இந்த இருட்டில் எடுத்தவைதான். போன் வெளிச்சத்தில் நாடி மட்டும் நீலமாகத் தெரிகிற பெடியன், பஸ் வந்து நின்றதும் அதன் விளக்கில் திடீரென்று மஞ்சளாகிற ஈர நிலம்.

வீட்டிலும் ஒரு படம் கிடைத்தது. செப்டெம்பர் கடைசியில் ஒரு பின்னேரம் அம்மா காலநிலையைப் பார்த்துவிட்டு, "இரவுக்குப் பத்துக்குக் கீழ போகுதாம், கறிவேப்பிலை கொட்டிப்போடும். தம்பி, ஒரு பக்கம் பிடி" என்றார். மே மாதத்திலிருந்து வெளியே நின்ற சாடியைத் தூக்கி உள்ளே வைத்தோம். அம்மா இலைகளைத் துடைப்பதை எடுக்கத்தான் கமராவை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மரப்பலகைத் தளத்தில் சாடி இருந்த இடம் ஈர வட்டமாக இருந்தது. சுற்றியிருந்த பலகை வெயிலில் நரைத்துப் போயிருக்க, வட்டத்துக்குள் மட்டும் பழைய மண்ணிறம். ஓரத்தில் மூன்று காய்ந்த கறிவேப்பிலை. அம்மாவை விட்டுவிட்டு அந்த வட்டத்தை எடுத்தேன். இந்த மூன்று மாதத்தில் ஒரு படத்தை மட்டும் வைத்திருக்கச் சொன்னால் அதைத்தான் வைத்திருப்பேன்.

ஒக்டோபர் 25ஐ ஒட்டிய நாட்களில் மட்டும் விதியை மாற்றிப் பின்னேரமும் போனேன். ரொறன்ரோவின் வீதிகள் நேர்க் கிழக்கு மேற்காக ஓடுவதில்லை. ஏரிக்கரையோடு ஒட்டி 17 பாகை அளவில் சாய்ந்திருக்கின்றன. அதனால் இந்த நாட்களில் சூரியன் வீதியின் மேற்கு முனையிலேயே போய் இறங்கும். படமெடுக்கிறவர்கள் இதை ரொறன்ரோஹெஞ்ச் என்பார்கள். முதல் நாள் முகில். இரண்டாம் நாள் ஆறே கால் அளவில் வீதி முழுக்கச் செம்பு உருக்கி ஊற்றின மாதிரி ஆகியது. சூரியனை நேராகப் பார்க்காமல் கமராவின் பின்திரையைப் பார்த்து எடுத்தேன். ஆட்களை நிழலுருவாகவே விட்டுவிட்டேன். சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு கடக்கிற ஒருவரின் நிழல் என் காலடி வரை வந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்ததும் 7:15க்கு மறுபடி வெளிச்சம். மாதத்தின் நடுப்பகுதி தாண்ட, சூரியன் திரும்பவும் 7:15க்கே உதிக்கத் தொடங்கியது. ஒக்டோபர் 1ஆம் திகதி எடுத்ததையும் நவம்பரில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் மரத்துக்குப் பின்னால் இருக்கிற வீடு தெரியவில்லை, மற்றதில் அந்த வீட்டின் யன்னல் சீலை வரை தெரிகிறது.

இரண்டையும் பிரதி எடுத்து அந்தக் கம்பளிச் சட்டை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "பனி கொட்டுற நாளும் வருவியளோ தம்பி?" என்று கேட்டார். ஓம் என்றேன். குளிரில் பற்றரி கெதியாக இறங்குகிறது, நேற்றிலிருந்து இரண்டாவது பற்றரியைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு போகிறேன்.