ரப்பர்த் தேனுக்கு ஒரு லேபிள்

பிப்ரவரி 18, 2025, திருவிதாங்கோடு

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தேன்காரர் வந்திருந்தார். அரைக்கிலோ பாட்டிலுக்கு நான் லேபிள் டிசைன் செய்து தர வேண்டுமாம். போனில் மாதிரிக்கு ஒரு படம் காட்டினார்: அருவி, இருண்ட காடு, மேலே ‘மலைக்காட்டுத் தேன்’ என்று கொட்டை எழுத்து. “குர்ஆன்ல தேனீயைப் பற்றி வசனம் உண்டுமே மக்களே, அதையும் அரபியில போட்டா குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் நல்லா ஓடும்” என்றார். தேனீப் பெட்டிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “குலசேகரத்துல, ரப்பர்த் தோட்டத்துல.” ஒளிவுமறைவே இல்லை. லேபிளில் மட்டும்தான் காடு.

இன்ன ஊர்ப் பொருள் என்று காட்டும் புவிசார் குறியீட்டு முத்திரையும் கேட்டார். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் கிடைத்தது உண்மைதான். ஆனால் பயன்படுத்துபவராகப் பதிவு செய்தவர்தான் அதைப் போடலாம். இவர் செய்யவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பிப்ரவரி 20

காலையில் குலசேகரம். இலை உதிர்ந்து, புதுத்துளிர் வந்திருக்கும் நேரம், பால்வெட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தேன்காரர் ஒரு கொப்பைத் தாழ்த்திக் காட்டினார். ரப்பரில் ஒரு காம்புக்கு மூன்று இலை. மூன்றும் சேரும் இடத்தில் குண்டூசித் தலை அளவில் சுரப்பிகள், அதன்மேல் பளபளவென்று ஈரம். தொட்டு நாக்கில் வைத்தேன், தித்தித்தது. இந்தத் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை, இலைக்காம்பிலிருந்து வருகிறது! இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. என் மனதிலிருந்த பூ ஓவியம் அங்கேயே விழுந்தது. அந்த மூவிலையை வரைந்துகொண்டு வந்தேன்.

பிப்ரவரி 21

வசனத்தைப் பற்றி உம்மாவிடம் சொன்னேன். “பாட்டில் காலியானா குப்பையில போடுவாங்க. அல்லாஹ்வுடைய வார்த்தை ஓடையில கிடக்கணுமா?” என்றார். போதாததற்கு, அதிலே ‘மனிதர்களுக்கு நிவாரணம்’ என்று வருகிறது. உணவு லேபிளில் நோய் தீரும் என்று சொல்லச் சட்டமும் விடாது.

ஆனாலும் குர்ஆனில் ‘தேனீ’ என்று பெயர் கொண்ட அத்தியாயமான சூரா நஹ்லை எடுத்து ஓதினேன். 68-ஆம் வசனத்தில் தேனீக்கு மூன்று இடம் சொல்லப்படுகிறது: மலைகள், மரங்கள், மனிதர்கள் கட்டுபவை. அப்படியானால் பெட்டிக்கும் அதில் இடம் இருக்கிறது. பெட்டித் தேனை விற்கிற மனிதர் எதற்குக் காட்டைக் கடன் வாங்க வேண்டும்?

இஸ்லாமிய டிசைன் என்றால் பிறை, குவிமாடம், பச்சை நிறம் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். திருமணப் பத்திரிகைக்கு அது சரி. எனக்கு வேலையில் தீனுடைய, அதாவது மார்க்கத்துடைய, இடம் இந்தப் பெயரில், எழுத்தின் அளவில், எதை முன்னால் வைக்கிறோம் என்பதில்தான் வருகிறது.

மார்ச் 4

நோன்பு தொடங்கிவிட்டது. உச்சி வெயிலில் அவர் போன். ‘ரப்பர்த் தோட்டத் தேன்’ என்று நான் முன்பக்கத்தில் போட்டது பிடிக்கவில்லை. “பின்னால சின்னதாப் போட்டுரு.” நபி (ஸல்) சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்ட ஹதீஸைச் சொன்னேன். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். “ரப்பர்ல என்ன மக்களே குறை?” என்றார் தேன்காரர். அதைத்தான் அண்ணாச்சி நானும் கேட்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரித்துவிட்டார்.

பாட்டில் விஷயத்தில்தான் இழுபறி. தேன் தண்ணீரைவிடக் கனம், கிட்டத்தட்ட 1.4 மடங்கு. அரைக்கிலோவுக்கு 360 மில்லி பிடிக்கும் பாட்டிலே போதும். அது அலமாரியில் சின்னதாகத் தெரிகிறதென்று அடிக்கண்ணாடி தடித்த பாட்டில் பார்த்து வைத்திருக்கிறார். எடை சரியாகத்தான் இருக்கும், கண்தான் ஏமாறும். அந்தப் பாட்டிலுக்கு லேபிள் செய்ய மாட்டேன் என்றேன். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டார்.

மார்ச் 13

சாதாரணப் பாட்டிலுக்கே சம்மதித்துவிட்டார். விலை குறைவு என்பதும் ஒரு காரணம், எனக்குத் தெரியும். மாதிரி அச்சு வந்தது. துளிரின் செம்பு நிறம் செங்கல் நிறமாகிவிட்டது, திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

தக்கலையில் ஒரு கடைக்காரரிடம் காட்டினாராம். அவர் கேட்ட முதல் கேள்வி, “ரப்பர்ப்பால் வாடை வருமா?” என்னிடம் கோபமாகச் சொன்னார். நியாயமான கேள்விதானே. பின்பக்கத்தில் நான் ஆசையாகப் போட்டிருந்த கொடி வேலைப்பாட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எழுதினேன்: ‘இளந்துளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பை எடுத்துத் தேனீ செய்த தேன் இது. ரப்பர்ப்பால் இதில் சேராது. நாள்பட்டால் உறையும், அது இயல்பு.’

எழுத்தை இன்னும் ஒரு அளவு பெரிதாக்கச் சொல்கிறார். கடைக்காரருக்கு வெள்ளெழுத்தாம்.