பூச்சுமைக்குக் கீழே ஒரு முகம்

ஊர் ஊராகப் போய்த் தெருவைப் படமெடுப்பதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு. வாரணாசி, பழைய டில்லி, மும்பை எல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் மனசு போய் நிற்பது கொல்கத்தாவில், ஹௌரா பாலத்தை ஒட்டியிருக்கிற மல்லிக் காட் பூச்சந்தையில்தான்.

'காட்' என்றால் படித்துறை. பான்ஸ்குரா, கோலாகாட் பக்கத்துப் பூவெல்லாம் விடியுமுன்பே வந்து இறங்கிவிடும். நம்மூரில் பூவை நாரில் கட்டி முழம் போடுகிறோம். அங்கே செண்டுமல்லியை நூலில் கோத்து, வடக்கயிறு மாதிரி சரம் சரமாகத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். எதிரே வருகிற ஆள் தெரியாது. மஞ்சளும் ஆரஞ்சும்தான் தெரியும்.

முதல் தடவை, பாலத்து நடைபாதையில் நின்றபடி மேலிருந்தே எடுத்தேன். 1943-ல் திறந்த பாலம், முழுக்க ரிவெட் ஆணி அடித்துக் கட்டியது. பஸ் போனால் உள்ளங்கால் வரை அதிரும். ஊர் திரும்பிப் பார்த்தால் நானூறு படம், அத்தனையும் அழகு. ஒன்றில்கூட ஒரு முகம் இல்லை.

அடுத்த தடவை, ஆளுக்குக் கிட்டே போய்த்தான் எடுக்க வேண்டிய 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தைக்குள் இறங்கினேன். சுமையோடு வந்த ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே, அவசரத்தில், கேமராவை நீட்டிவிட்டேன். தலையில் சும்மாடு, இரண்டு கையும் சுமைமேல். முகத்தை மறைக்கக்கூட அவருக்குக் கை இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அதற்குமேல் எடுக்க மனம் வரவில்லை. மண்குவளையில் டீ வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். மறுநாளும் கேமரா பையிலேயே இருந்தது. ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரை அது. கட்டடங்களைத் தாண்டி வெயில் வந்து சேர நேரமாகும். அதுவரை யார் எந்த வழியாக வருகிறார்கள், எங்கே சுமை மாற்றுகிறார்கள், எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். தெருப் படத்துக்கு வேகம்தான் முக்கியம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இந்த உட்காரலை யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெரியவரே கையசைத்துக் கூப்பிட்டார். சும்மாட்டுத் துணியை அவிழ்த்தார், முகத்தை அழுந்தத் துடைத்தார், திரும்பச் சுற்றித் தலையில் வைத்தார். சுமையை ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். இரண்டே படம் எடுத்தேன்.

அன்று சாயங்காலமே பிரிண்ட் போட்டு, மறுநாள் காலையில் கொண்டுபோய் நீட்டினேன். கையெல்லாம் பூவின் ஈரம் என்று தொட மறுத்துவிட்டார். டீக்கடை பிஸ்கட் பாட்டிலில் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த சுமைக்குப் போனார். பதினொரு மணி வாக்கில், வேலையெல்லாம் முடித்து, ஆற்றில் இறங்கிக் கை கழுவிக்கொண்டு வந்து அதை எடுத்தார்.