தோள்பட்டைக்குள் சிப்ஸ் பாக்கெட்
ரெண்டு நாளா லூச்சியோ கோர்சி பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தாலியில் தஸ்கனியின் தெற்கே மரேம்மா என்கிற பக்கத்து ஆள், 1993-இல் பிறந்தவர். முகத்தில் வெள்ளைப் பூச்சு, நீள முடி, 70களின் கிளாம் ராக், அதாவது மேக்கப்பும் பகட்டு உடையுமாக வரும் ராக் பாடகர்களின் கோலம். இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவின் 2025 மேடைக்கு வந்தபோது தோள்பட்டை புடைத்துத் தெரிய உள்ளே அடைத்திருந்தது என்ன தெரியுமா, சிப்ஸ் பாக்கெட்!

கோலத்தைப் பார்த்துவிட்டு காது கிழியப் போகிறது என்று நினைத்தால், வருவது பியானோவும் கதையும். முரட்டு ஆளாக இருக்க ஆசைப்பட்டேன், முடியலை, நான் வெறும் லூச்சியோதான் என்று பாடுகிறார். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்தக் கடைசி வரியில் குரல் இறங்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 2017-இல் ஊர்ப்பக்கத்து முயல், ஓநாய், ஆந்தை என்று விலங்குகளுக்கே ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார், பாட்டி கதை மாதிரி.

சான்ரெமோவில் இரண்டாம் இடம். ஜெயித்தவர் ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்குப் போகவில்லை என்றதும் வாய்ப்பு இவருக்கு வந்தது. அது நடந்த சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து மேடையில் ஹார்மோனிகாவை நிஜமாகவே வாசித்தார். அங்கே வாத்தியமெல்லாம் முன்பே பதிவு செய்ததுதான் என்பது 1999-லிருந்து இருக்கும் நடைமுறை. பாடும் மைக்கிலேயே ஊதி அதைத் தாண்டிவிட்டார், கில்லாடி. ஐந்தாம் இடம் கிடைத்தது. எனக்கென்னவோ அது குறைச்சல்தான்.

இயர்போனில் கேளுங்க, அந்த ஹார்மோனிகா வர்ற இடம் வரைக்குமாவது.