மலிவான பழைய நாணயங்களுக்கு விலை வைத்து விற்ற அனுபவம்

ஒரே வகையில் ஒன்றுக்கு மேல் சேர்ந்துவிட்ட மலிவான நாணயங்களை மற்ற சேகரிப்பாளர்களுக்கு விற்றுவிடலாம் என்று இறங்கியபோது, எதைத் தனியாக விற்பது, எதைக் கட்டாக விற்பது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பட்டியல் நூல்களில் அச்சாகியிருக்கும் விலை வியாபாரி கேட்கும் விலைக்கு அருகில் இருக்குமே தவிர, இன்னொரு சேகரிப்பாளர் மனமொப்பிக் கொடுக்கும் தொகையைக் காட்டாது. ஆகவே, அதே ஆண்டும் அதே அளவு தேய்மானமும் கொண்ட நாணயங்கள் ஏலங்களில் உண்மையில் என்ன தொகைக்கு முடிந்தன என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். விற்காமல் கிடப்பவற்றுக்குப் போட்டிருக்கும் விலையைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அந்தத் தொகையிலிருந்து உறை, தபால், கமிஷன் ஆகியவற்றைக் கழித்தால், பல நாணயங்களுக்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. 1949-இல் அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர் ஷெல்டன் வகுத்த, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் மதிப்பிட்டுச் சீல் வைத்துத் தரும் நிறுவனங்களுக்கு இவற்றை அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டணமே நாணயத்தை விழுங்கிவிடும்.

தனியாக விற்கத் தகுந்ததற்கு நல்ல உதாரணம், ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கி.பி. 330 முதல் பல அக்கசாலைகளில் (நாணயம் அடிக்கும் கூடங்களில்) ஏராளமாக அடிக்கப்பட்ட, ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும் பொறித்த சிறு ரோமானிய வெண்கலக் காசு. ஓநாயின் காலடியில், கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்துகள்தாம் அது எங்கே அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். அவை படிக்கும்படி இருந்தால் அந்த அக்கசாலைக் காசைத் தேடுபவர் கூடுதலாகத் தருவார். மழுங்கியிருந்தால், ஓநாய் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது பத்தோடு பதினொன்றுதான். எனவே படமெடுக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, எழுத்துகளின் ஓரத்தில் நிழல் விழும்படி எடுத்தேன்.

மீதியை ஒன்றாகக் கலக்காமல், ஒரே நாடு, ஒரே மதிப்பு, தொடர்ச்சியான ஆண்டுகள் எனக் கட்டுகளாகப் பிரித்தேன். விடுபட்ட ஆண்டுகளை நிரப்ப விரும்புபவர்களுக்கு இது தோதாக இருப்பதாலோ என்னவோ, விசாரிப்புகள் இந்தக் கட்டுகளுக்கே அதிகம் வந்தன. எதையும் தேய்த்துப் பளபளப்பாக்கவில்லை; துலக்கிய செம்புக் காசின் செயற்கைச் சிவப்பு, பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் நாளடைவில் காசின்மேல் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும் என்பதால், எல்லாவற்றையும் மைலார் என்ற பாலியெஸ்டர் உறைகளுக்கு மாற்றினேன். விளிம்பு வெட்டு, துளை போன்ற குறைகளை விவரத்தின் முதல் வரியிலேயே எழுதினேன்.

ஆண்டே தெரியாத அளவுக்குத் தேய்ந்தவை மட்டும் இன்னும் விலைபோகவில்லை. அவற்றை எடைபோட்டு மொத்தமாகத் தள்ளிவிடுவதா, புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் வாங்கும் கட்டுகளோடு இனாமாகச் சேர்த்து அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.